வீட்டுத் தோட்டத்தில் அழகுப் பைன் மரம்

வீடுகளின் முன்புறத்திலும் பள்ளிக்கூடத் தோட்டங்களிலும் கூம்பு போல நிமிர்ந்து, கிளைகளைத் தட்டுத் தட்டாக விரித்து நிற்கும் மரத்தைப் பலரும் கண்டிருப்பர். இது நார்போக் பைன் என்றும், கிறிஸ்துமஸ் மரம் என்றும் விற்கப்படுகிறது. உண்மையில் இது பைன் இனத்ததன்று. அரோக்கேரியா என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. நார்போக் தீவில் தோன்றியது ஓரினம். நியூ கலிடோனியாவில் தோன்றிய குக் பைன் மற்றோரினம். கப்பல் தலைவரான ஜேம்ஸ் குக் இவ்விரு இடங்களையும் 1774-ஆம் ஆண்டில் கண்டார். நார்போக் பைன் என்று விற்கப்படுவனவற்றுள் பல, குக் பைன் மரங்களே.

கன்று தெரிந்தெடுத்தல்.- பலர் ஏமாறுவது இங்கேதான். பக்கக் கிளையை வெட்டி வேர்பிடிக்கச் செய்த கன்று எத்தனை ஆண்டு வளர்த்தாலும் நிமிராது. கிளையைப் போலவே பக்கவாட்டில் படரும். கொம்பு நட்டுக் கட்டினும் பயனில்லை. ஆகையால் விதையிலிருந்து எழுந்த கன்றையோ, தலைக்குருத்திலிருந்து உண்டாக்கிய கன்றையோ வாங்குதல் வேண்டும். நடுத்தண்டு நேராகவும், கிளைகள் அதனைச் சுற்றிச் சமமாகவும் அமைந்திருத்தல் நற்கன்றின் அடையாளம். விதை முளைக்கும் சக்தியை விரைவில் இழந்துவிடுமாதலால் புதிய விதையையே ஊன்றவேண்டும்.

இடம்.- கன்று சிறிதாயிருக்கிறதென்று சுவரோரம் நடுதல் பெருந்தவறு. தாய்நாட்டில் இம்மரம் 150 அடிக்கு மேலும் உயர்கிறது. ஆதலால் வீடு, மாட்டுக்கொட்டில், மின்கம்பி ஆகியவற்றிற்கு வெகுதூரம் விலக்கி நடவேண்டும். குக் பைன் பூமத்திய ரேகையை நோக்கிச் சாயும் இயல்புடையதென 2017-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. ரேகைக்கு அண்மையில் அச்சாய்வு குறைவு. தொலைவு மிக மிக அதுவும் மிகும். தமிழ்நாட்டில் அத்திசை தெற்காதலால், மரத்தின் தென்புறம் வெளியாயிருத்தல் நலம்.

நடுதலும் பேணுதலும்.- நீர் தேங்காத, வடிகால் உள்ள மண் வேண்டும். இரண்டடி ஆழ அகலக் குழியில் மேல்மண்ணும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பி, மழைக்காலத் தொடக்கத்தில் நடலாம். தொட்டியில் சுருண்டுள்ள வேர்களைப் பிரித்துவிடவேண்டும். இளங்கன்றுக்குக் கோடையில் தவறாது நீர் பாய்ச்சி, ஆடுமாடு அணுகாதபடி வேலியிடுதல் அவசியம். தலைக்குருத்தை எக்காரணத்தாலும் கிள்ளலாகாது. கிள்ளினால் பல தலைகள் தோன்றி மரத்தின் வடிவம் கெடும்.

நடுமுன் ஒரு நாழிகை யோசித்து இடமும் கன்றும் தேர்ந்தவர், பின்னர் வளர்ந்த மரத்தை வெட்டும் செலவுக்கும் வருத்தத்திற்கும் ஆளாகார்.