சொந்தமும் குத்தகையும்

பெரிய கம்பெனிகள் தங்கள் பங்குதாரர்களுக்கென்று வருஷந்தோறும் வெளியிடும் அறிக்கையில், லாப நஷ்டக் கணக்கையே தேடிப் போகிறவர்கள் நின்று பார்க்காமல் புரட்டிவிடும் ஒரு பகுதி உண்டு. அந்த ஸ்தாபனத்துக்கு எந்த ஊரில் எந்தக் கட்டிடம் இருக்கிறது, அது சொந்தமா குத்தகையா, குத்தகையானால் எந்த வருஷத்தோடு முடிகிறது என்னும் விவரங்கள் அங்கே வரிசையாக எழுதப்பட்டிருக்கும். கேரளத்தின் சித்தூர்த் தாலுகாவிலும் தேவிகுளம் தாலுகாவிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழர்களுக்கு, குத்தகையைக் குறிக்கும் பாட்டம், உரிமைப் பத்திரத்தைக் குறிக்கும் பட்டயம் என்ற இரண்டு சொற்களும் என்ன கனம் உடையவை என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆகையால் அந்தப் பகுதியைப் படிக்கும் தகுதி வேறு பலரைக் காட்டிலும் நமக்கு அதிகம் என்றே நினைக்கிறேன்.

பத்திரிகையும் கல்வியும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்த ஸ்தாபனத்துக்கு உலகறிந்த உதாரணம் அமெரிக்காவின் வாஷிங்டன் போஸ்ட் கம்பெனி. 1933-ஆம் வருஷம், கடனில் மூழ்கி ஏலத்துக்கு வந்த அந்தப் பத்திரிகையை யூஜின் மேயர் என்பவர் 8,25,000 டாலருக்கு வாங்கினார். அவருடைய சந்ததியார் அதை வளர்த்ததோடு, தொலைக்காட்சி நிலையங்களையும், 1984-இல் காப்ளான் என்ற பரீட்சைப் பயிற்சி நிறுவனத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். காலப்போக்கில் கல்வியின் வருமானம் பத்திரிகையின் வருமானத்தை விஞ்சியது. 2013-இல் பத்திரிகையை ஜெஃப் பெஸோஸுக்கு 25 கோடி டாலருக்கு விற்றுவிட்டு, எஞ்சிய கம்பெனி கிரஹாம் ஹோல்டிங்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. வாஷிங்டன் நகரத்துப் பதினைந்தாவது தெருவில் இருந்த தலைமைக் கட்டிடம் அந்தக் கிரயத்தில் சேரவில்லை. அதைத் தனியே, சுமார் 16 கோடி டாலருக்கு, வேறொரு நிறுவனத்துக்கு விற்றார்கள். பெயர் ஒருவரிடமும் கட்டிடம் மற்றொருவரிடமும் போய்விட, நாற்பது வருஷங்களுக்கு மேல் சொந்தக் கட்டிடத்தில் இயங்கிய அந்தப் பத்திரிகை பிறகு கே தெருவில் வாடகைக் கட்டிடத்துக்குக் குடியேறியது.

அந்தக் கம்பெனியின் கட்டிடப் பட்டியலில் ஒரு ஒழுங்கு தெரிகிறது: தொலைக்காட்சி நிலையங்கள் இயங்கும் கட்டிடங்கள் பெரும்பாலும் சொந்தம்; காப்ளானின் வகுப்பறைகளும் அலுவலகங்களும் பெரும்பாலும் குத்தகை. இதற்குக் காரணம் தொழிலின் இயல்பிலேயே இருக்கிறது. ஒளிபரப்புக் கோபுரத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போக முடியாது. கலையகமும் இயந்திரங்களும் பல வருஷங்களுக்கென்று அஸ்திவாரத்தோடு பிணைக்கப்பட்டவை. அப்படிப்பட்ட இடத்தில், குத்தகை முடியும் நாளன்று நிலச்சொந்தக்காரர் கேட்கும் தொகையைக் கொடுத்தே தீரவேண்டிய நிலைக்கு எந்த நிர்வாகியும் தன்னை உட்படுத்திக்கொள்ள மாட்டார். வகுப்போ மாணவரைப் பின்தொடர்வது. இந்த வருஷம் முந்நூறு பேர் சேர்ந்தால் இரண்டு மாடி வேண்டும், அடுத்த வருஷம் நூறு பேரானால் ஒரு மாடி போதும். பாலக்காட்டுச் சுல்தான்பேட்டைப் பக்கம் நடந்து பார்க்கிறவருக்கு இது எளிதில் விளங்கும். கீழே துணிக்கடை, பக்கத்தில் குறுகலான மாடிப்படி, படியேறினால் வரிசையாகப் பெஞ்சுகள், சுவரில் வெள்ளைப் பலகை, வாசலில் நாற்பது ஜோடிச் செருப்புகள்! பலகையையும் பெஞ்சையும் ஒரு லாரியில் ஏற்றிவிட்டால் மறுநாள் அந்த மாடியில் தையல் கடை வந்துவிடும். படிக்கிற பிள்ளையின் தகப்பனார் வருஷக் கட்டணம் முழுவதையும் முன்னதாகக் கட்டுவதற்கு முன், அந்த மாடியின் குத்தகை எத்தனை மாதத்துக்கு என்று கேட்பதில் தவறு எதுவும் இல்லை. கேட்கவேண்டும் என்றே நான் சொல்வேன்.

குத்தகைக்கு வேறொரு கவர்ச்சியும் முன்பு இருந்தது. சொந்தக் கட்டிடம் வாங்கக் கடன் பட்டால் அந்தக் கடன் ஆஸ்தி பொறுப்புக் கணக்கில் எல்லார் கண்ணுக்கும் தெரியும். பத்து வருஷக் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திட்டாலோ அந்தந்த வருஷத்து வாடகை மட்டுமே செலவாகத் தெரியும், இன்னும் கொடுக்கவேண்டிய பெருந்தொகை பின்குறிப்புகளுக்குள் ஒதுங்கிக்கொள்ளும். 2019 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டுப் பெரிய கம்பெனிகளுக்கு அமலான புதிய கணக்கியல் விதி இதை மாற்றியது. பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைகளில், அநுபவிக்கும் உரிமையை ஆஸ்தியாகவும், கொடுக்கவேண்டிய வாடகையை இன்றைய மதிப்பில் கடனாகவும் காட்டியாக வேண்டும்.

ஆனால் சொந்தம் என்பதே பத்திரமானது என்று முடிவுகட்டிவிட முடியாது என்பதற்குத் திருவிதாங்கூரின் பத்திரிகைச் சரித்திரம் சாட்சி. வக்கம் அப்துல் காதர் மௌலவி தம் சொந்தப் பணத்தைப் போட்டு 1905-இல் தொடங்கிய சுதேசாபிமானி, ஆசிரியர் கே. ராமகிருஷ்ண பிள்ளையின் எழுத்தால் திவானின் கோபத்துக்கு ஆளாயிற்று. 1910 செப்டம்பர் 26-ஆம் தேதி அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது, ஆசிரியர் நாடு கடத்தப்பட்டார். அச்சு இயந்திரம் சர்க்கார் வசமாயிற்று. எழுதும் கை மட்டும் எல்லையைத் தாண்டியது. அந்த வனவாசத்தில் சில காலம் அவர் பாலக்காட்டில் வாழ்ந்தார் என்பதை இந்த ஊர்க்காரர்களில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அதன்பின் 1938-இல், சர் சி. பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்தபோது, கோட்டயத்தில் மலையாள மனோரமாவின் அச்சகத்துக்கு முத்திரை வைக்கப்பட்டது. பத்திரிகைக்காரர்கள் கொச்சி ராஜ்யத்தில் இருந்த குன்னங்குளத்துக்குப் போய் அங்கிருந்து சில மாதங்கள் இதழை வெளியிட்டார்கள்; பிறகு அதுவும் நின்றுபோய், 1947-இல்தான் கோட்டயத்தில் மீண்டும் இயந்திரம் சுழன்றது. நிலத்தில் வேரூன்றிய ஆஸ்தியைப் பூட்டுவதற்கு ஒரு பூட்டு போதும். ஒதுங்க ஓர் இடம் அண்டை ராஜ்யத்தில் கிடைத்ததனால் அந்தப் பத்திரிகை அந்தச் சில மாதங்களாவது மூச்சு விட்டது.

கல்வியிலும் கேரளத்தில் விசித்திரமான ஓர் ஏற்பாடு இருக்கிறது. உதவிபெறும் பள்ளிக்கூடத்தில் நிலமும் கட்டிடமும் மானேஜருக்குச் சொந்தம், ஆசிரியரின் சம்பளம் சர்க்காருடையது. ஜோசப் முண்டசேரி மந்திரியாக இருந்து கொண்டுவந்த கல்விச் சட்டம், அப்படிப்பட்ட பள்ளியின் சொத்தைச் சர்க்காரின் அனுமதியில்லாமல் மானேஜர் விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது என்று தடுத்தது. பத்திரத்தில் சொந்தம், பாத்தியதையில் பாதி பொதுஜனங்களுக்கு. கல்வியை வியாபாரமாக நடத்துகிற எந்தக் கம்பெனியின் பட்டியலிலும் இந்த மூன்றாவது இனத்துக்குப் பத்தி கிடையாது. எனக்கோ அந்த இரண்டு பத்திகளைக் காட்டிலும் இதுவே நியாயமானதாகத் தோன்றுகிறது.

நிலத்தின் விஷயத்திலும் கேரளச் சட்டம் சொந்தத்தில் தலையிட்டது. நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி 1970 ஜனவரி 1 முதல் நிலச்சொந்தக்காரர்களாகிய ஜன்மிகளின் உரிமை எடுக்கப்பட்டு, உழுதவர் பாட்டக்காரர் என்ற பெயரை நீக்கிச் சொந்தக்காரரானார். தோட்டப் பயிர் நிலங்களுக்கோ அந்தச் சட்டத்தின் உச்சவரம்பிலிருந்து விலக்குக் கிடைத்தது. மூணாற்று மலைகளின் கதை இங்கிருந்துதான் வேறாகிறது. 1877-இல் பூஞ்ஞாற்று ராஜா ஜான் டேனியல் மன்றோ என்னும் வெள்ளைக்காரருக்கு எழுதிக்கொடுத்த சாசனத்தின்படி, கண்ணன் தேவன் மலைகளில் சுமார் 227 சதுர மைல், வருஷத்துக்கு 3,000 ரூபாய் வாடகைக்குப் போயிற்று. 1971-இல் கேரள சட்டசபை தனிச்சட்டம் இயற்றி அந்த நிலத்தை மீட்டது. மறு வருஷம் சுப்ரீம் கோர்ட் அதை ஆதரித்தது. பின்னர் நில வாரியம் தேயிலைக்கும் அதன் துணைத் தேவைகளுக்கும் என்று 57,000 ஏக்கருக்கு மேல், தோட்டங்களை நடத்திவந்த கம்பெனிக்கே திருப்பித் தந்தது. 2005-இல், அப்போது தோட்டங்களை நடத்திவந்த டாட்டா விலகி நிற்க, தொழிலாளர்களே பெரும்பான்மைப் பங்குதாரர்களாகிய புதிய கம்பெனி தோட்டங்களை ஏற்றது.

பங்குப் பத்திரம் கைக்கு வந்தது, வீடு வரவில்லை. தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தின் ஒரு அறையும் ஒரு சமையற்கட்டும் வேலையோடு சேர்ந்தவை; குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பேர்பதிந்திருக்கும் வரைக்கும் அந்தக் கதவின் சாவி அவர்களிடம். வாடகையில்லை, குத்தகைச் சீட்டுமில்லை. பணி ஓயும் கிழவர், மகனோ மகளோ கொழுந்து பறிக்க முன்வராவிட்டால், தாம் பிறந்த அறையையே காலி செய்யவேண்டியவர். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதிலும் பிழைப்புக்கு ஊர் மாறுவதிலும் இந்தச் சாவியே மலையில் பல குடும்பங்களின் முடிவுகளை நிர்ணயிக்கிறது.

2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, இதே மூணாற்று மலைகளில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. மாண்டவர்களும் கிடைக்காதவர்களுமாக எழுபது பேர். பலர் ஒரே குடும்பத்தவர், தமிழர். பிழைத்தவர்களுக்காகக் குற்றியாறு பள்ளத்தாக்கில் சர்க்கார் நிலம் ஒதுக்க, அதில் கம்பெனி 8 வீடுகளைக் கட்டிக்கொடுத்தது.