சொல்லாத காரணம்

2019 ஜூன். லாஸ் ஏஞ்சலஸில் ஈ3 விளையாட்டுக் கண்காட்சி. டாக்டர் டிஸ்ரெஸ்பெக்ட் என்ற பெயரில் ட்விட்ச் நேரலைத் தளத்தில் கொடிகட்டிப் பறந்த கை பீம், நேரலை ஓடிக்கொண்டிருக்கும்போதே கேமராவோடு பொதுக் கழிப்பறைக்குள் நுழைந்தார். கணக்கு முடக்கப்பட்டது, இரண்டு வாரத்தில் திரும்பக் கிடைத்தது. அடுத்த மார்ச்சில் அதே தளம் அவரோடு பல ஆண்டு ஒப்பந்தமே போட்டது. கூட்டம் சேர்க்கத் தெரிந்தவருக்கு அன்று கிடைத்த தண்டனை அவ்வளவுதான்.

கறுப்பு விக், பெரிய மீசை, குளிர்க்கண்ணாடி, சிவப்பு மார்ச்சட்டை. அந்த வேஷம் எதைச் செய்தாலும் ‘அது பாத்திரம்தானே’ என்று சொல்லிவிட வழி இருந்தது. பார்க்கிறவர்களில் எத்தனையோ பேர் பள்ளிப் பிள்ளைகள் என்பதைப் பற்றி அன்று யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

2020 ஜூனில் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். நேரலை செய்கிறவர்கள், விளையாட்டு நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் என்று சில நாட்களுக்குள் எழுபதுக்கும் மேற்பட்டோர் தங்களுக்கு நேர்ந்த தொல்லைகளை வெளியில் சொன்னார்கள். பலர் பெயர் போட்டே எழுதினார்கள். சண்டை விளையாட்டுகளின் பெரிய போட்டியான ஈவோ அந்த ஆண்டு இணையவழியில் நடக்கவிருந்தது; அதன் தலைவர் மீதே புகார் வந்ததால் அதுவும் ரத்தானது. அந்தக் கொந்தளிப்புக்கு நடுவே, ஜூன் 26 அன்று, ட்விட்ச் பீமை நீக்கியது. காரணம் சொல்லவில்லை.

அந்த மௌனத்தை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அவர் யூட்யூபுக்குப் போனார், கூட்டமும் பின்னாலேயே போனது. 2022இல் அவரும் ட்விட்சும், தவறு செய்ததாக யாரும் ஒப்புக்கொள்ளாமலேயே, சட்டத் தகராறைச் சமாதானமாக முடித்துக்கொண்டார்கள். அவர் நேரலையைத் தங்கள் பிள்ளை பார்க்கலாமா என்று யோசித்த பெற்றோருக்கு ஒரு வரி விளக்கம்கூடக் கிடைக்கவில்லை.

இடையில் விதிகள் மாறின. பாலியல் தொல்லை குறித்த விதிகளை 2021 ஜனவரியில் ட்விட்ச் கடுமையாக்கியது. அதே ஆண்டு ஏப்ரலில், தளத்துக்கு வெளியே நடந்த கடுமையான குற்றங்களையும் விசாரிப்போம் என்று அறிவித்து, அதற்கு வெளிச் சட்ட நிறுவனம் ஒன்றை அமர்த்தியது. நம் ஊரில் அந்த ஆண்டு போலீஸே இறங்க வேண்டியிருந்தது. முகம் காட்டாமல் பப்ஜி நேரலை நடத்திய மதன், பெண்களை ஆபாசமாகப் பேசியதாக வந்த புகார்களின் பேரில் ஜூனில் தருமபுரியில் கைதானார். அவருடைய முன்ஜாமீன் மனு வந்தபோது, முதலில் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வழக்கறிஞரிடம் சொன்னார். அதுவரை அதை லட்சக்கணக்கானோர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

பீமின் கதை 2024 ஜூனில் உடைந்தது. ட்விட்சின் முன்னாள் ஊழியர் ஒருவர், பீமின் பெயரைச் சொல்லாமல், நீக்கத்தின் காரணத்தை எழுதினார். சில நாட்களில் பீமே ஒப்புக்கொண்டார்: 2017இல் ட்விட்சின் தனிச்செய்தி வசதி வழியே ஒரு மைனரோடு பேசியதாகவும், சில வேளை அந்தப் பேச்சு தகாத பக்கம் சாய்ந்ததாகவும். சட்டவிரோதமாக எதுவும் நடக்கவில்லை, நேரில் சந்திக்கவும் இல்லை என்பது அவர் வாதம்.

இம்முறை இரண்டு வார முடக்கத்தோடு முடியவில்லை. அவரே சேர்ந்து தொடங்கிய விளையாட்டு நிறுவனம் அவரை விலக்கியது. யூட்யூப் அவருடைய விளம்பர வருமானத்தை நிறுத்தியது. ஆனாலும் செய்தி அனுப்பியதற்கும் ஊர் அறிந்ததற்கும் நடுவே ஏழு ஆண்டுகள் போயிருந்தன.

அந்த ஒப்புதல் பதிவை அவர் பலமுறை திருத்தினார். ஒரு கட்டத்தில் ‘மைனர்’ என்ற சொல் அதிலிருந்து காணாமல் போனது. படித்தவர்கள் கவனித்துக் கேட்டார்கள். பிறகு அது திரும்ப வந்தது.