கையால் ஒரு கருவி – 9: பெட்டி

மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் சர்க்யூட்டைச் சென்ற வாரம் மேசைமேல் ஓடவிட்டுப் பார்த்தோம். இந்த வாரம் அதற்குக் குடியிருக்க ஓர் இடம் அமைப்போம்.

என் முதல் கருவியை ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பாவில் அடைத்து, கொல்லைப்புறச் சுவரில் மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் மாட்டினேன். சித்திரை வெயிலில் மூடி வெளுத்து, விளிம்பு நொறுங்கியது. ஐப்பசி மழை வருவதற்குள் எறும்புகள் ரிலேயைச் சுற்றிப் புற்றே கட்டிவிட்டன. புரோகிராமில் பிழை இல்லை, சால்டரிங்கிலும் குறை இல்லை. டப்பாதான் அதைக் கொன்றது. அதிலிருந்து போர்டு வாங்கும் அன்றே பெட்டியையும் முடிவு செய்துவிடுகிறேன்.

முதலில் அளவு. ஆர்டுயினோ ஊனோ போர்டின் நீளம் 68.6 மி.மீ., அகலம் 53.4 மி.மீ. இதை மட்டும் நம்பிப் பெட்டி வாங்காதீர்கள். யுஎஸ்பி பிளக் செருகவும், கம்பி வளையவும், ஸ்க்ரூடிரைவர் நுழையவும் இடம் வேண்டும். போர்டு, ரிலே, சார்ஜர் எல்லாவற்றையும் ஓர் அட்டையில் பரப்பி, சுற்றிலும் இரண்டு விரற்கடை விட்டுக் கோடு போடுங்கள். அந்த அட்டையோடு கடைக்குப் போங்கள்.

அடுத்து, எந்தப் பெட்டி? இரும்புப் பெட்டி உறுதியானதுதான். ஆனால் 230 வோல்ட் உள்ளே வருவதால் அதற்குக் கட்டாயம் எர்த் கொடுக்க வேண்டும். வைஃபை உள்ள இஎஸ்பி32 போர்டை அதில் மூடினால் சிக்னலும் அடைபட்டுப்போகும். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் ஐபி65 பிளாஸ்டிக் பெட்டி நமக்குப் போதும். இதில் 6 என்றால் தூசி புகாது, 5 என்றால் பீய்ச்சியடிக்கும் நீரைத் தாங்கும் என்று பொருள். நாம் ஒரு துளை போட்டு அப்படியே விட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. அதனால் ஒவ்வொரு துளைக்கும் கேபிள் கிளாண்ட் போட வேண்டும். 3 முதல் 6.5 மி.மீ. வரை பருமனுள்ள கம்பிக்குப் பிஜி7 சரியாக இருக்கும்.

துளைகள் பெட்டியின் அடிப்பக்கத்தில் இருக்கட்டும். கம்பி சற்றுக் கீழே தொங்கி, வளைந்து மேலேறி உள்ளே போகட்டும். கம்பியில் வழியும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

காற்றுப் புகாத பெட்டியில் சூடு தங்கும். 12 வோல்ட் அடாப்டரை ஊனோவின் ஜாக்கில் செருகினால், போர்டிலுள்ள ரெகுலேட்டர் மிச்சமுள்ள 7 வோல்ட்டையும் சூடாகவே கழிக்கும். 150 மில்லியாம்பியர் ஓடினால் அது சுமார் 1 வாட். காற்றுக்காக ஓட்டை போட்டால் எறும்பு திரும்பி வரும். 5 வோல்ட் சார்ஜரை யுஎஸ்பி வழியாகக் கொடுத்துவிட்டால் அந்தச் சூடே பிறக்காது.

உள்ளே போர்டை ஸ்பேசர் வைத்து எம்3 திருகால் நிறுத்துங்கள். 230 வோல்ட் ஓடும் பாதிக்கும் 5 வோல்ட் பாதிக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தடுப்பு அவசியம். மெயின் இணைப்பை எலக்ட்ரீஷியன் கையால் கொடுப்பதே நல்லது.

மூடியில் ஒரு பச்சை விளக்கும், கருவியைத் தவிர்த்து மோட்டாரை நேரடியாகப் போடும் சுவிட்சும் வைத்தேன். கருவி பழுதானாலும் வீட்டுக்குத் தண்ணீர் ஏற வேண்டும் அல்லவா? டப்பா இருந்த நாளில் அம்மா அதன் பக்கமே போனதில்லை. "கம்பியெல்லாம் வெளியில தொங்குதேடா" என்று சொல்லிவிட்டு, முழங்கால் வலியோடு மாடி ஏறித் தொட்டியை எட்டிப் பார்ப்பார். புதுப் பெட்டியை மாட்டிய மூன்றாம் நாள், சமையலறை ஜன்னல் வழியே பார்த்து, "பச்சை எரியுது, தொட்டி ரொம்பிடுச்சு" என்றார். அன்று அவர் மாடி ஏறவில்லை.

அடுத்த வாரம்: தொட்டியில் நீர் அலையும்போது சென்சார் சொல்லும் தப்புக் கணக்கைத் திருத்துவது எப்படி?