தகரக் கொட்டகையில் கதவு, ஜன்னல் ஓரம் ஒழுகாமல் தடுப்பது எப்படி?

நெல், நிலக்கடலை, உர மூட்டை, தெளிப்பான் முதலியவற்றை வைக்கப் பல ஊர்களில் விவசாயிகள் தகரக் கொட்டகை போட்டிருக்கின்றனர். ஓலைக் கூரையை அடிக்கடி மாற்றும் செலவு இதில் இல்லை. தீப்பிடிக்கும் பயமும் குறைவு. ஆனால் ஐப்பசி மழை தொடங்கியதும் சுவர் ஓரத்து மூட்டைகள் நனைந்திருப்பதைக் காணலாம். கூரையில் ஓட்டை தேடினால் ஒன்றும் அகப்படாது. இத்தகைய கொட்டகைகளில் கதவு, ஜன்னலைச் சுற்றியுள்ள இடுக்குகளைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

இடுக்கு சிறியதாயினும் நஷ்டம் சிறியதல்ல. விதை நெல்லில் ஈரப்பதம் 13 சதவீதத்துக்கும், விதைக்கான நிலக்கடலைக் காயில் 9 சதவீதத்துக்கும் மிகாமல் இருக்க வேண்டும். நனைந்த விதையின் முளைப்புத் திறன் குறையும். ஈரமான நிலக்கடலையில் பூஞ்சாணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு உண்டாகலாம். அதை மாட்டுக்கும் போட முடியாது. யூரியா கட்டிபட்டுவிடும். பல மாத உழைப்பை ஒரு ஜன்னல் ஓரம் வீணாக்கிவிடும்.

நீர் நுழைவது ஏன்?

சுவர்த் தகடு மேலிருந்து கீழ்வரை முழுத் தகடாக இருந்தால் மழைநீர் அதன் மீது வழிந்து தரைக்குப் போய்விடும். ஜன்னலுக்காகத் தகட்டை வெட்டியதும் அந்த வழி அறுபடுகிறது. நெளியின் பள்ளங்களில் இறங்கி வரும் நீரெல்லாம் ஜன்னல் சட்டத்தின் தலையில் விழுகிறது. சட்டம் நேரானது, தகடோ நெளிநெளியானது. இரண்டுக்கும் நடுவே உள்ள சந்துகளில் காற்று நீரை உள்ளே தள்ளுகிறது.

இந்தச் சந்தில் சிமெண்டைப் பூசிவிடுவது வழக்கம். இது நிலைக்காது. தகடு வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். மூன்று மீட்டர் நீள இரும்புத் தகடு 40 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் நீளுகிறது. சிமெண்ட் இந்த அசைவைத் தாங்காமல் வெடித்துவிடும். மேலும் ஈரச் சிமெண்ட் தகட்டின் துத்தநாகப் பூச்சையும் அரிக்கும்.

கூரை வேயும் முறையே இதற்கும்

கீற்று வேய்பவர் இறவாரத்தில் தொடங்கி மேல்நோக்கி வேய்வார். மேல் கீற்று கீழ்க் கீற்றின் மீது படியும். ஆகவே நீர் உள்ளே போகாது. ஜன்னலைச் சுற்றித் தகரப் பட்டை அடிப்பதற்கும் இதே விதிதான். பட்டறைகளில் இப்பட்டைகளை 'பிளாஷிங்' என்பர். முதலில் கீழ்ப்பட்டை, அடுத்துப் பக்கப் பட்டைகள், கடைசியில் தலைப்பட்டை என்ற வரிசையில் பொருத்த வேண்டும்.

கீழ்ப்பட்டை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். அதன் உள் விளிம்பையும் இரு முனைகளையும் மேல்நோக்கி மடித்துவிட வேண்டும். வெளி விளிம்பு சுவர்த் தகட்டின் மேல் படிந்து இறங்க வேண்டும். பக்கப் பட்டைகளின் அடி நுனி கீழ்ப்பட்டையின் மேல் உட்கார வேண்டும்.

தலைப்பட்டையே மிக முக்கியமானது. அதன் மேல் பகுதி சுவர்த் தகட்டுக்குப் பின்னால் குறைந்தது நான்கு அங்குலம் செருகப்பட வேண்டும். கீழ் விளிம்பு சட்டத்தைத் தாண்டி வெளியே நீண்டு, கீழ்நோக்கி மடிந்திருந்தால் நீர் சொட்டி விழும். ஜன்னலின் இரு பக்கமும் மூன்று நான்கு அங்குலம் கூடுதலாக விட வேண்டும். பலர் பட்டையைத் தகட்டின் மேலேயே வைத்துத் திருகிவிடுகின்றனர். அப்போது வழிந்து வரும் நீர் பட்டைக்குப் பின்னால் இறங்கி நேரே உள்ளே போகும்.

பழைய கொட்டகையில் ஜன்னலுக்கு மேலுள்ள திருகாணிகளைத் தளர்த்தி, தகட்டைச் சற்று விலக்கிப் பட்டையைச் செருகலாம். ஒரு நாள் வேலையில் முடிந்துவிடும்.

சீலண்ட், திருகாணி

சீலண்ட் பட்டைக்குத் துணையே தவிர மாற்று அல்ல. வினிகர் போன்ற புளித்த நெடி வீசும் சிலிகான் துத்தநாகப் பூச்சை அரிக்கும். ஆகவே கடையில் 'நியூட்ரல்' வகை சிலிகானைக் கேட்டு வாங்க வேண்டும். ஜன்னலின் தலைப்புக்கும் பக்கங்களுக்கும் பூசலாம். கீழ்ப்பட்டையின் வெளி விளிம்பை மட்டும் அடைக்கக் கூடாது. தப்பி உள்ளே வந்த நீர் வெளியேற அதுவே வழி.

திருகாணிகளுக்கு ரப்பர் வாஷர் அவசியம். வாஷர் இலேசாக அமுங்கும் அளவுக்கு முடுக்கினால் போதும். அதிகம் முடுக்கினால் ரப்பர் பிதுங்கிக் கிழியும். வெயிலில் வெடித்த வாஷர்களை மழைக்கு முன் மாற்ற வேண்டும். துளையிட்டபின் விழும் இரும்புத் தூளைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிடில் அவ்விடத்தில் துரு பிடிக்கும்.

கதவடி

கொட்டகைத் தளம் வெளித் தரையைவிட இரண்டு அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். கதவுக்கு வெளியே உள்ள படி, ஓர் அடிக்குக் கால் அங்குலம் வீதம் வெளிப்பக்கம் சரிய வேண்டும். சுவர்த் தகட்டின் அடி நுனியைத் தளத்தின் மேல் நிறுத்தக் கூடாது. தளத்தின் வெளி ஓரத்தைத் தாண்டி ஓர் அங்குலம் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஆனால் மண்ணில் படக் கூடாது.

புதிதாகக் கட்டுவோர் மழைக்காற்று வரும் திசையைக் கவனிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையை நம்பிய மாவட்டங்களில் பெரிய கதவை வடக்கிலும் கிழக்கிலும் வைக்காமலிருப்பது நல்லது. வைத்தே ஆகவேண்டுமானால் மேலே இரண்டு அடி அகலத்துக்குச் சாய்ப்பு இறக்க வேண்டும்.

சோதித்துப் பார்த்தல்

மழை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மூட்டைகளை நகர்த்தி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, குழாயால் ஜன்னலின் கீழ்ப்பகுதியில் ஐந்து நிமிடம் தண்ணீர் விட வேண்டும். பிறகு பக்கங்களிலும், கடைசியில் தலைப்பிலும் விட வேண்டும். ஒருவர் உள்ளே நின்று பார்க்க வேண்டும். கீழிருந்து மேலாகச் சோதித்தால்தான் நீர் நுழையும் இடம் சரியாகத் தெரியும். எடுத்த எடுப்பில் மேலே விட்டால் எல்லா இடமும் நனைந்து குழப்பம்தான் மிஞ்சும்.

மழையில்லாத நாளிலும் விடியற்காலையில் தகட்டின் உட்புறம் முழுவதும் நீர் முத்து முத்தாக நின்றால் அது ஒழுக்கு அல்ல. உள்ளிருக்கும் ஈரக் காற்று குளிர்ந்த தகட்டில் பட்டு வியர்ப்பதாகும். இதற்கு இடுக்கை அடைப்பது மருந்தல்ல. கூரையை ஒட்டி எதிரெதிர்ச் சுவர்களில் காற்றுப் போக்கிகள் வைக்க வேண்டும். நன்கு காயாத தானியத்தை உள்ளே அடுக்கக் கூடாது.

இவ்வளவும் செய்தபின்னும் மூட்டைகளைக் கட்டை அடுக்கின் மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைப்பதே பாதுகாப்பு. அந்த இடைவெளியில் நடந்து சென்று, ஒவ்வொரு மழைக்குப் பின்னும் ஜன்னல் ஓரங்களைப் பார்க்கலாம். இந்த வேலைகளைப் புரட்டாசிக்குள் முடித்துவிட்டால் அடைமழையிலும் விதை காய்ந்தபடியே இருக்கும்.