குப்பை உரமாகும், மாடி தோட்டமாகும்

ஹைதராபாத் நகரின் வடகிழக்கே சைனிக்புரி இருக்கிறது. இந்தி மொழியில் சைனிக் என்றால் படைவீரர். ஓய்வு பெற்ற படைவீரர்களுக்காக உருவான குடியிருப்பு இது. பழைய வீடுகளைச் சுற்றி மரங்களும் செடிகளும் உண்டு. இப்போது அடுக்குமாடி வீடுகள் பெருகிவிட்டன. மண் தரை குறைந்துவிட்டது.

சைனிக்புரியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் ஜவஹர் நகர் உள்ளது. ஹைதராபாத் நகரத்துக் குப்பை அங்கேதான் போகிறது. பல ஆண்டுகளாகக் குவிந்து அது மலையாகிவிட்டது. குப்பையிலிருந்து வடிந்த கழிவுநீர் மல்காரம் ஏரியைக் கெடுத்தது. நிலத்தடி நீரும் கெட்டது. நாற்றத்தைத் தாங்குபவர்கள் அங்கே வாழும் ஏழை மக்கள்.

அந்தக் குப்பையில் என்ன இருக்கிறது? காய்கறித் தோல், பழத்தோல், வாடிய கீரை, தேயிலைச் சக்கை, காய்ந்த இலை. வீட்டுக் குப்பையில் பாதி இப்படி மக்கக் கூடியதுதான். வீட்டிலேயே மக்க வைத்தால் அது நல்ல உரம். லாரியில் ஏற்றி அனுப்பினால் அது அடுத்தவருக்குத் துன்பம்.

உரம் செய்வது எப்படி?

பழைய வாளி அல்லது மண்பானை இரண்டு வேண்டும். பக்கத்திலும் அடியிலும் துளைகள் போட வேண்டும். காற்று போனால்தான் குப்பை நாறாமல் மக்கும்.

முதலில் காய்ந்த இலையைப் பரப்ப வேண்டும். அதன் மேல் காய்கறித் தோலைப் போட வேண்டும். அதை மறுபடியும் காய்ந்த இலையால் மூட வேண்டும். ஈரக் குப்பை ஒரு பங்கு என்றால், காய்ந்த இலை இரண்டு பங்கு இருக்கலாம். ஒரு பிடி பழைய உரமோ தோட்டத்து மண்ணோ தூவினால் விரைவில் மக்கும். வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும்.

நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள். காய்ந்த இலை சேர்க்க வேண்டும். எறும்பு வந்தால் ஈரம் குறைவு என்று பொருள். கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். மீன், இறைச்சி, எண்ணெய்ப் பண்டம் போடக் கூடாது. அவை எலியை அழைத்து வரும்.

முதல் வாளி நிறைந்ததும் இரண்டாவது வாளியில் போடத் தொடங்கலாம். இரண்டு மூன்று மாதத்தில் முதல் வாளியில் உரம் தயார். அது கரும்பழுப்பாக இருக்கும். மழை பெய்த மண்போல மணக்கும்.

எதை நடுவது?

இடம் இல்லையே என்று கவலை வேண்டாம். அரிசிச் சாக்கு போதும். உடைந்த வாளியும் போதும். பூச்சிமருந்து வந்த டப்பா மட்டும் கூடாது. அடியில் துளை இருக்க வேண்டும். மண் இரண்டு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, உரம் ஒரு பங்கு கலந்து நிரப்பலாம்.

முதலில் கீரையே நல்லது. தண்டுக்கீரை விதை மிகச் சிறியது. மணலுடன் கலந்து தூவினால் சீராக விழும். சமையலறையில் இருக்கும் வெந்தயத்தையும் விதைக்கலாம். கொத்தமல்லி விதையை இரண்டாக உடையும்படி லேசாகத் தேய்த்துப் போட வேண்டும். கீரை 25 முதல் 30 நாளில் பறிக்க வரும். ஹைதராபாத்தில் கோங்கூரா என்னும் புளிச்சக்கீரையும் நன்றாக வளரும். கை பழகியபின் மிளகாய், தக்காளி, கத்தரி நடலாம். அவற்றுக்கு தினமும் ஐந்தாறு மணி நேரம் வெயில் வேண்டும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். ஹைதராபாத்திலும் அது மழைக்காலம்தான். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அப்போது பழைய புடவையைப் பந்தல்போலக் கட்டினால் செடி பிழைக்கும்.

பூச்சி வந்தால்?

கேரளத்தில் காசர்கோடு என்ற மாவட்டம் உண்டு. அங்கே முந்திரித் தோட்டங்களில் பல ஆண்டுகள் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தை வானிலிருந்து தெளித்தார்கள். அங்கிருந்த மக்கள் பலர் நோயால் வாடினார்கள். 2011-இல் உச்சநீதிமன்றம் அந்த மருந்தைத் தடை செய்தது. பூச்சிக்கு வைக்கும் நஞ்சு மனிதருக்கும் நஞ்சாகலாம்.

வீட்டுத் தோட்டத்துக்கு நஞ்சு தேவையில்லை. முதலில் புழுவைக் கையால் பொறுக்கலாம். அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாம். போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். எந்தக் கீரையையும் கழுவியே சமைக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள்

ஒன்று: ஈரமண் நிறைந்த 20 லிட்டர் வாளி 25 கிலோவுக்கு மேல் இருக்கும். மாடியின் நடுவில் குவிக்காமல் சுவர் ஓரமாக, தூண் இருக்கும் பக்கம் வைப்பது நல்லது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டு: தொட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. டெங்குக் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். தட்டில் உள்ள நீரை வாரம் இரண்டு முறையாவது கொட்டிவிட வேண்டும்.

விதை கையில் இருக்கட்டும்

தெலங்கானாவில் ஜஹீராபாத் பகுதிப் பெண்கள் ஒரு நல்ல வழி காட்டியிருக்கிறார்கள். அங்கே 1983-இல் தக்காண வளர்ச்சிச் சங்கம் தொடங்கியது. அதில் சேர்ந்த ஏழைப் பெண்கள் சாமை, தினை, பயறு விதைகளைத் தாங்களே பாதுகாக்கிறார்கள். மண்ணும் வேப்பிலையும் சேர்த்துக் கூடையில் வைக்கிறார்கள். ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குகிறார்கள். 2019-இல் இந்தச் சங்கத்துக்கு ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு கிடைத்தது.

மாடித் தோட்டத்திலும் இதைச் செய்யலாம். நன்றாக வளர்ந்த ஒரு கீரைச் செடியைப் பறிக்காமல் விட்டால் அது பூத்து விதை தரும். நாட்டு விதையாக இருக்க வேண்டும். ஒட்டுவிதையில் வந்த செடியின் விதை தாய்ச்செடி போல வராது.

ஒரு வாளித் தோட்டம் முழுக் குடும்பத்துக்கும் சோறு போடாது. ஆனால் வாரம் ஒருநாள் கீரைக் குழம்புக்கு வழி செய்யும். சந்தைச் செலவு கொஞ்சம் குறையும். ஜவஹர் நகருக்குப் போகும் குப்பையிலும் ஒரு வாளி குறையும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு பிடி விதை கொடுத்தால் இரண்டு வாளி குறையும்.