உலர்பழமும் வற்றலும்: எவருக்கு, எவ்வளவு?

நோயாளியைக் காண வெறுங்கையோடு வருவது நம் பகுதி வழக்கமன்று. முன்பு சாத்துக்குடியும் ரொட்டியும் வந்தன. இப்போது பேரீச்சை, உலர்திராட்சை, அத்தி அடங்கிய பெட்டிகள் வருகின்றன. "உடம்பில் இரத்தம் ஊறும்" என்று சொல்லித் தருகிறார்கள். அவ்வன்பை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் டயாலிசிஸ் செய்துகொள்பவரின் கட்டிலருகே அப்பெட்டி வைக்கப்படும்போது, எங்களால் பேசாமல் இருக்க இயலாது.

உலர்பழம் நம் மரபுணவில் உண்டா என்று பலர் வினவுகின்றனர். உண்டு, நாம் அதற்கு இட்ட பெயர் வேறு. சுண்டைக்காய், மணத்தக்காளி, நார்த்தங்காய், மாங்காய் ஆகிய யாவும் தாவரவியலின்படி கனிகளே. தாமிரபரணிக் கரையூர்களில் கோடை வெயிலில் மொட்டைமாடியில் காயும் வற்றல்தான் நமது பழைய உலர்பழம். இனிப்பான உலர்பழத்திற்கும் இடமிருந்தது: பாயசத்தில் சில திராட்சை, பழனிப் பஞ்சாமிர்தத்தில் பேரீச்சை, மேலப்பாளையத்தில் நோன்பு திறக்கும் வேளையில் ஓரிரு பேரீச்சை. வற்றல் தொடுகறியாக இலையோரம் நின்றது. இனிப்பு நாள் கிழமைக்கு வந்தது. நாள்தோறும் கைப்பிடி கைப்பிடியாக உலர்பழம் உண்பது அண்மைக்காலப் பழக்கமே.

ஏறத்தாழ நான்கு கிலோ திராட்சை காய்ந்தால் ஒரு கிலோ உலர்திராட்சை கிடைக்கும். போவது நீர், அதனுடன் வைட்டமின் சி-யின் பெரும்பகுதி. சர்க்கரையும் பொட்டாசியமும் நார்ச்சத்தும் செறிந்து தங்குகின்றன. 100 கிராம் திராட்சையில் சுமார் 16 கிராம் சர்க்கரை இருக்க, அதே எடை உலர்திராட்சையில் 60 கிராமைத் தாண்டும். பொட்டாசியம் சுமார் 190 மில்லிகிராமிலிருந்து 750 வரை உயரும். இருபது திராட்சை தின்றால் தின்றது தெரியும்; இருபது உலர்திராட்சை பேச்சுவாக்கில் வாய்க்குள் போய்விடும்.

சிறுநீரக நோயாளிகளைப் பற்றி நாங்கள் கவலைகொள்வது இதனால்தான். இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருத்தல் வேண்டும். மிகுதியை வெளியேற்றுவது சிறுநீரகம். அது பழுதுற்றால் பொட்டாசியம் தேங்கி, இதயத் துடிப்பைக் குலைக்கும். இதயம் நின்றுவிடவும் கூடும். பலருக்கு முன்னறிகுறியே இராது. சிலருக்குக் கால் தளர்ச்சி தோன்றும். இரு டயாலிசிஸுக்கு இடைப்பட்ட நாள்களில் அபாயம் மிகும். டெல்மிசார்டன், ரேமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்துகளும் பொட்டாசியத்தை உயர்த்தவல்லவை. அதற்காக மருந்தைத் தாமே நிறுத்திவிடலாகாது. பெட்டியை மூடிவைத்தால் போதும். இளநீருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சோடியம் குறைந்தது என விற்கப்படும் உப்பிலும் பெரும்பாலும் பொட்டாசியமே கலந்திருக்கிறது.

நீரிழிவு உள்ளோருக்கு உலர்பழம் முற்றிலும் விலக்கன்று. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்து, சிறுநீரகமும் நலமாயிருப்பின், இரண்டு சிறிய பேரீச்சை அல்லது ஒரு மேசைக்கரண்டி உலர்திராட்சை உண்ணலாம். அதற்கு ஈடாக வேறொன்றைக் குறைக்க வேண்டும். இட்லிக்கு மேல் இதுவும் என்றால் கணக்கு தவறும். இயற்கையானது என்பதால் இரத்தச் சர்க்கரை ஏறாது என்ற எண்ணம் பிழையானது, கருப்பட்டிக்கும் அவ்வாறே. நோன்பு நோற்பவர்கள் ரமலானுக்கு முன்பே வந்து மாத்திரை, இன்சுலின் அளவுகளைத் திருத்திக்கொள்ளுதல் நன்று.

இரத்தசோகைக்குப் பேரீச்சை மருந்தாகாது. அதிலுள்ள இரும்புச்சத்து, குறைபாட்டைச் சரிசெய்யப் போதாது. பேரீச்சைச் சாறும் இரும்பு மாத்திரைக்கு மாற்றாகாது. கீரை, சுண்டல், மீன், இறைச்சி ஆகியவற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்து உண்பதும், உணவோடு தேநீர் அருந்தாதிருப்பதும் துணைசெய்யும். இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரத்தசோகை கண்டால் காரணம் தேட வேண்டும். குடற்புண்ணோ புற்றுநோயோ உள்ளே இரத்தம் கசியச் செய்துகொண்டிருக்கலாம். பேரீச்சை தின்று மாதங்களைக் கடத்துவது அந்நோய்க்கு அவகாசம் அளிப்பதாகும்.

வற்றலில் சிக்கல் உப்பு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு கொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. உயர் இரத்த அழுத்தமோ இதயத் தளர்ச்சியோ உள்ளவர்கள் உப்பில் ஊறிய நார்த்தங்காயைத் தவிர்க்கலாம். மணத்தக்காளி, சுண்டைக்காயை மோரும் உப்பும் சேர்க்காமல் காயவைத்துக் கொள்ளலாம். ஆஸ்துமா உள்ளோர் பொன்னிறத் திராட்சையையும் பளிச்சிடும் ஆரஞ்சு நிற ஆப்ரிகாட்டையும் வாங்குமுன் உறையைப் படிக்கவும். நிறம் மங்காதிருக்கச் சேர்க்கும் சல்பைட்டு சிலருக்கு மூச்சிரைப்பைத் தூண்டும்.

பார்க்க வருவோர் முதலில் செவிலியரிடமோ உணவியல் பிரிவிலோ கேட்டுவிடுங்கள். டயாலிசிஸ் நோயாளிக்கு ஆப்பிள், பேரிக்காய், அன்னாசி இவற்றுள் ஒன்றின் சிறு துண்டு பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். முன்பே வந்துவிட்ட பேரீச்சைப் பெட்டியை, இரவெல்லாம் கண்விழித்து அருகிருக்கும் உறவினர் எடுத்துக்கொள்ளட்டும். அவருக்கும் ஏதேனும் தெம்பு வேண்டுமல்லவா?