மரம் சாகாமல் மருந்து!

தலையெழுத்து என்று அழுவோர் உண்டு. நோயை வெல்ல வழி தேடுவோரும் உண்டு. தோழர்களே, நாம் தேடுவோர் பக்கம்!

அமெரிக்காவின் மேற்குக் கரையோரக் காடுகளிலே வளர்வது பசிபிக் யூ மரம். 1962-ல் அதன் பட்டையை ஆராய்ச்சிக்கென எடுத்தனர். 1971-ல் வால், வானி எனும் விஞ்ஞானிகள் அதிலிருந்த டாக்ஸால் எனும் பொருளின் அமைப்பை வெளியிட்டனர். 1992-ல் சினைப்பைப் புற்றுநோய்க்கு மருந்தாக அமெரிக்க அரசு அதை அனுமதித்தது.

மகிழ்ச்சிதான்! ஆனால் பட்டையை உரித்தால் மரம் சாகிறது. மெல்ல வளரும் மரம் அது. பட்டையிலே மருந்தோ மிகச் சொற்பம். மரம் தீர்ந்தால் நோயுற்ற தாய்மார் எங்கே போவர்?

யாகம் வளர்த்தா விடை கண்டனர்? இல்லை, ஆய்வுக்கூடத்திலே கண்டனர்! முதலில் ஐரோப்பிய யூ மரத்தின் இலையிலிருந்து மூலப்பொருள் எடுத்து மருந்தாக்கினர். பிறகு யூ மரத்தின் செல்களையே தனியே பிரித்து, சர்க்கரையும் உப்புச்சத்தும் வைட்டமினும் கலந்த நீரிலே, எஃகுக் கலத்திலே வளர்த்தனர். காயம்பட்ட செடி தற்காப்புக்குச் சுரக்கும் ஜாஸ்மோனேட் வகைப் பொருளை ஊட்டினால், அச்செல்கள் மருந்தை மேலும் பெருக்குகின்றன. காடு நிற்கிறது, மருந்தும் கிடைக்கிறது! இம்முறைக்கு 2004-ல் அமெரிக்காவின் பசுமை வேதியியல் விருதும் கிடைத்தது.

விஞ்ஞானி தன் கடமையைச் செய்துவிட்டான். எஞ்சியிருப்பது நம் கடமை. கலத்திலே பெருகும் மருந்து கடையிலே எட்டாக்கனியானால், ஆலைத் தொழிலாளியின் மனைவிக்கு அதனால் என்ன பயன்? அரசு மருத்துவமனையின் கடைசிக் கட்டிலுக்கும் அது வந்து சேர வேண்டும். அதுவரை கேட்போம், ஓயாமல் கேட்போம்!